காத்திருக்காத கணினிக்கு ஒரு மங்கு

வணக்கம், நேயர்களே. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் யார் வீட்டு ஸ்டோரிலாவது பழைய ஆப்பிள் 2 கணினியோ அதைப் பார்த்துச் செய்த நகலோ தூசி படிந்து கிடக்கலாம். அதைத் திரும்ப ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களை முதலில் மடக்குவது ஃபிளாப்பி வட்டு. நம் ஊர் ஈரத்துக்கு வட்டில் பூஞ்சணம் பிடித்துவிடும். அப்படிப்பட்ட வட்டைச் செருகினால் டிரைவின் தலை அழுக்காகி, அடுத்துச் செருகும் நல்ல வட்டையும் கீறிவிடும். அதனால் வட்டில் உள்ளதை ஒரே கோப்பாக எஸ்டி கார்டில் வைத்துக்கொண்டு, டிரைவ் இருந்த இடத்தில் ஒரு சின்ன சர்க்யூட் பலகையைப் பொருத்துகிறோம். அந்தப் பலகையை எப்படி வடிவமைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும், எண்கள் நிறைய வரும்.

1978இல் வந்தது ஆப்பிள் 2இன் ஃபிளாப்பி டிரைவான டிஸ்க் 2. ஆப்பிளின் டாஸ் 3.3 வட்டு இயக்க முறைமையில் அதன் கணக்கு இது: வட்டில் வளையம் வளையமாக 35 தடம், தடத்துக்கு 16 பகுதி, பகுதிக்கு 256 பைட். மொத்தம் 1,43,360 பைட். இன்றைய கார்டில் இது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆகவே இடம் பிரச்சினையே இல்லை. நேரம்தான் பிரச்சினை.

வட்டு ஒரு சுற்றுச் சுற்ற 200 மில்லி விநாடி. ஒரு பிட்டுக்கு 4 மைக்ரோ விநாடி. ‘கொஞ்சம் பொறு’ என்று கணினியிடம் சொல்ல, கணினியையும் டிரைவையும் இணைக்கும் கேபிளில் ஒரு கம்பிகூட இல்லை. கணினி ஒரு பகுதியை எழுதி முடிக்க ஏறக்குறைய 11 மில்லி விநாடி எடுக்கும். எஸ்டி கார்டோ, ஒரு முறை எழுதிவிட்டு 250 மில்லி விநாடி வரைகூட ‘வேலையாக இருக்கிறேன்’ என்று சும்மா இருக்கலாம், எஸ்டி கார்டுக்கான விதியே அதை அனுமதிக்கிறது. கார்டு விழிக்கும்போது கணினி அடுத்த பகுதியை அனுப்பி முடித்திருக்கும்.

கித்தா மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சீவிய மரம் பாலெடுக்க ஆள் வரும்வரை சொட்டாமல் இருக்காது. அதனால்தான் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு கட்டுகிறோம். ஆள் தன் நேரத்துக்கு வந்து வாளியில் ஊற்றிக்கொள்வார். நம் பலகைக்கும் ஒரு மங்கு வேண்டும். அதுவும் முழு வட்டையும் கொள்ளும் மங்காக இருந்தால் பாதித் தலைவலி போய்விடும். ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள ஆர்பி2040 சில்லில் 264 கிலோபைட் ரேம் இருக்கிறது, வட்டு முழுவதும் அதில் அடங்கும். அதில் இரண்டு கோர், அதாவது தனித்தனியே வேலை செய்யும் இரண்டு செயலிகள். ஒன்று கணினியோடு மட்டும் பேசட்டும், மற்றது கார்டோடு மட்டும் பேசட்டும். இரண்டு வேலையையும் ஒரே கோரில் போட்டுவிட்டு, ‘படிக்கிறது, ஆனால் எழுதும்போது ஐஓ எரர் வருகிறது’ என்று புலம்புவதுதான் வழக்கமான கதை.

இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கிறது. கணினி எழுதுவதை வாங்க ரேமில் ஒரு பகுதிக்கு மட்டும் இடம் ஒதுக்கினால் சாதாரண சேவ் கட்டளை வேலை செய்யும். வட்டைப் புதிதாகத் தயார் செய்யும் இனிட் கட்டளை கொடுத்தால் கவிழும். அது ஒரு தடத்தை முழுக்க ஒரே மூச்சில் எழுதும். எனவே அந்த இடம் ஒரு முழுத் தடத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டும்.

இனி வயரிங். கணினியிலிருந்து வருபவை ஏழு கம்பிகள்: தலையை நகர்த்தும் மோட்டாரின் நான்கு ஃபேஸ், டிரைவைத் தேர்ந்தெடுக்கும் எனேபிள், எழுதும் கோரிக்கை, எழுதும் தரவு. இவை 5 வோல்ட், பிக்கோ 3.3 வோல்ட். நடுவே 3.3 வோல்ட்டில் ஓடும் ஒரு 74எல்விசி245 சில் வையுங்கள், எட்டு வழியில் ஏழு போதும். பலகையிலிருந்து திரும்பிப் போவது இரண்டே கம்பி: படிக்கும் தரவு, எழுதத் தடை. அவற்றை 5 வோல்ட்டில் ஓடும் 74எச்சிடி125 சில் வழியாக அனுப்புங்கள். அதன் திறப்புக் கால்களை எனேபிள் கம்பியோடு நேராகவே இணைக்கலாம், இரண்டும் தாழ்நிலையில்தான் வேலை செய்பவை. இதைச் செய்யாவிட்டால் இரண்டாவது டிரைவோடு நம் பலகை மல்லுக்கட்டும்.

கேபிளின் 20 ஊசிகளில் 13, 15, 17, 19 ஆகியவற்றில் 12 வோல்ட் நிற்கிறது, 9இல் மைனஸ் 12. நமக்கு இவை எதற்கும் வேண்டாம், பலகையில் தொடாமல் விட்டுவிடுங்கள். 11, 12இல் வரும் 5 வோல்ட் போதும். அதை, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு ஷாட்கி டையோடு வழியாகக் கொடுத்தால் யுஎஸ்பி கம்பி செருகியிருக்கும்போது மின்சாரம் கணினிக்குள் திரும்பிப் பாயாது. கேபிளை ஓர் ஊசி தள்ளிச் செருகி, அசல் டிரைவின் 74எல்எஸ்125 சில்லைக் கருக்கியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கணினியை அணைக்காமல் அந்தக் கேபிளைத் தொடவே தொடாதீர்கள்.

கார்டு சாக்கெட்டின் அருகிலேயே ஒரு 10 மைக்ரோ ஃபாரட், ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர். இல்லையென்றால் கார்டைச் செருகும் கணத்தில் 3.3 வோல்ட் சரிந்து பிக்கோ ரீசெட் ஆகும். ‘ஒரு கார்டு எழுகிறது, இன்னொன்று எழவில்லை’ என்றால் தொடக்கத்தைப் பாருங்கள்: கார்டின் தேர்வுக் கம்பியை உயர்நிலையில் வைத்து குறைந்தது 74 கடிகாரத் துடிப்பு அனுப்பினீர்களா? அதுவரை வேகம் 400 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாமல் இருந்ததா? கார்டு 32 ஜிபி அல்லது அதற்குக் கீழ், ஃபேட்32 அமைப்பில் இருந்தால் நிம்மதி.

இனி, மங்கில் மழைத்தண்ணீர் விழும் ஆபத்துக்கு வருவோம். பிற்பகல் இடி மழையில் கரண்ட் போனால் ரேமில் இருப்பது அத்தனையும் போச்சு. பெரிய கபாசிட்டர் போட்டுத் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பலகை 0.15 ஆம்பியர் இழுத்தால், 1000 மைக்ரோ ஃபாரட் 2 வோல்ட் இறங்க 13 மில்லி விநாடிதான் ஆகும். கார்டு கேட்பதோ 250. அதை நம்பாதீர்கள். மாறிய தடங்களுக்கு மட்டும் அடையாளம் வைத்து, கணினி எழுதி ஓய்ந்து 300 மில்லி விநாடி ஆனதும் கார்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு தடம் 4096 பைட், அதாவது கார்டின் 512 பைட் கட்டங்களில் சரியாக எட்டு. எழுத வேண்டியது மிச்சம் இருக்கும்வரை ஒரு சிவப்பு விளக்கு எரியட்டும். அது அணையும்வரை சுவிட்சில் கை வைக்கக் கூடாது.

சோதிக்கும்போது முதலில் எழுதத் தடை போட்டு டாஸ் 3.3 வட்டுக் கோப்பைக் கொண்டு பூட் செய்யுங்கள். தொடக்கத்தில் கணினி தலையைப் பின்னோக்கித் தட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் நிரல் தடம் 0இல் நிற்க வேண்டும், மைனஸுக்குப் போகக் கூடாது. தலை சரியாக நகர்ந்தும் பூட் ஆகவில்லை என்றால் பகுதிகளின் வரிசையைச் சந்தேகியுங்கள். டாஸ் வரிசையில் உள்ள கோப்பும், ஆப்பிளின் இன்னொரு முறைமையான புரோடாஸ் வரிசையில் உள்ள கோப்பும் அளவில் ஒன்றே, உள்ளே அடுக்கு வேறு. பிறகு தடையை எடுத்து சேவ், கடைசியில் இனிட். நகலெடுக்க முடியாதபடி பூட்டி விற்ற பழைய விளையாட்டுகள் இந்தக் கோப்பு வகையில் அடங்காது. அவற்றுக்கு வட்டின் பிட்டுகளை அப்படியே பதியும் வோஸ் வகைக் கோப்பு வேண்டும். அதற்கு ரேம் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.