தெரிந்தே வருகிற செலவு

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரமான கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தில், அயல்கூட்டப் பெண்களிடம் பேசியதன் எழுத்து வடிவம். அயல்கூட்டம் என்பது அக்கம்பக்கத்துப் பெண்களின் சேமிப்புக் குழு)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. தோட்ட வேலையும் வீட்டு வேலையும் முடித்து, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் வருகிற செலவுக்குக் கடன் வாங்காமல் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

கூட்டுறவு சொசைட்டி ஒன்றில் இருபத்தேழு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். எந்த மாதம் எதற்காகக் கூட்டம் வரும் என்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. மே கடைசியில் நகை அடகு வைக்க வருவார்கள். ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடம் திறந்துவிடும், பை, குடை, நோட்டு, யூனிபாரம் எல்லாம் ஒரே வாரத்தில் வேண்டும். ஓணத்துக்கு முன்னால் ஒரு கூட்டம், தைப் பொங்கலுக்கு முன்னால் இன்னொரு கூட்டம். முதலமடைப் பக்கம் மாங்காய் நன்றாகக் காய்த்த வருஷத்தில் ஏப்ரல் மாதம் நகையை மீட்டுக்கொண்டு போவார்கள். மே மாதம் அதே வளையல் மறுபடியும் என் தராசுக்கு வரும்.

அந்த வரிசையில் நின்றவர்களில் ஊதாரி என்று நான் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. வெயிலில் உழைத்த கைகள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சேமிப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும் உங்களைப் பார்த்து டீயைக் குறையுங்கள், புடவையைக் குறையுங்கள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் பார்த்த அளவில் குடும்பங்களைக் கடனில் இறக்கியது, வருஷத்துக்கு ஒரு முறை, வருகிறேன் என்று சொல்லிவிட்டே வருகிற செலவுதான். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் என்பது ஜனவரியிலேயே நமக்குத் தெரியும். இருந்தும் மே இருபத்தைந்தாம் தேதி அது திடீரென்று வந்தது போல ஆகிவிடுகிறது.

ஒரு கணக்குப் போடலாம். இரண்டு பிள்ளைகள் உள்ள வீடு. பள்ளிச் செலவு 9,000 ரூபாய் என்று வையுங்கள். ஓணத்துக்கு 5,000. தீபாவளி, பொங்கல் சேர்த்து 8,000. மாரியம்மன் நோம்பிக்கு 5,000. ஜூன் மாத இடவப்பாதி மழைக்கு முன்னால் கூரை பார்க்க 4,000. சீர், மொய் என்று 9,000. வண்டி இன்சூரன்ஸ் 2,000. உங்கள் வீட்டுத் தொகை வேறாக இருக்கும், கூடவோ குறையவோ. இந்த வீட்டுக்கு மொத்தம் 42,000 ரூபாய். ஐம்பத்திரண்டு வாரத்துக்குப் பிரித்தால் வாரம் ஏறக்குறைய 810 ரூபாய்.

வாரக் கணக்கு என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாத பட்ஜெட் மாதச் சம்பளக்காரர்களுக்காக உண்டானது. நமக்குக் கூலி சனிக்கிழமை வருகிறது. நெல் அறுப்பு நேரத்தில் வேலை இருக்கும், ஆடி மழையில் இருக்காது. ஆளியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்தால் ஒரு கணக்கு, வராவிட்டால் வேறு கணக்கு. ஆகவே வேலை இருக்கும் வாரத்தில் 1,000, 1,200 என்று கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும், வேலை இல்லாத வாரத்தில் ஒன்றும் வைக்காவிட்டாலும் மனசு உடைய வேண்டியதில்லை. மொத்தம் 42,000 என்ற இலக்கு மட்டும் கண்ணில் இருக்கட்டும். கூலி கைக்கு வந்த அன்றே, அரிசிக்கடைக்குப் போகும் முன்பே, அது தனியாகப் போய்விட வேண்டும்.

"அக்கா, எண்ணூறு ரூபாய் எங்கிருந்துங்க மிச்சமாகும்?" என்று போன கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. அவளிடம் நான் திரும்பக் கேட்டேன், "இப்போ வாரம் தவணை எவ்வளவு கட்டறே கண்ணு?" ஆயிரத்து நூறு என்றாள். அந்தத் தவணை எதற்கு வாங்கிய கடன்? பள்ளிக்கூடத்துக்கும் நோம்பிக்கும். அதாவது அதே செலவுக்கு அவள் இப்போதே வாரா வாரம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள், வட்டியோடு, செலவு முடிந்த பிறகு. முதல் வருஷம்தான் கஷ்டம். பழைய தவணையும் ஓடும், புதிதாகவும் எடுத்து வைக்க வேண்டும். அந்த வருஷம் ஏதாவது ஒன்றுக்கு மட்டும் சேருங்கள், பள்ளிக்கூடத்துக்கு மட்டும். அது ஒன்று கடனில்லாமல் கடந்தால் அடுத்ததற்கு இடம் கிடைக்கும்.

அந்த வட்டியைக் கொஞ்சம் பார்ப்போம். தண்டல்காரர் 10,000 என்று எழுதி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 தருகிறார். தினம் 100 ரூபாய், நூறு நாள். பத்தாயிரத்துக்கு ஆயிரம்தானே, பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அடுத்த நாளே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். ஐம்பதாவது நாளில் பாதிப் பணம் அவரிடம் போய்விட்டது. முழு ஒன்பதாயிரமும் உங்கள் கையில் இருந்தது ஒரே ஒரு நாள். வருஷக் கணக்காக்கிப் பார்த்தால் இது 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. இந்த ஊரில் இப்படிப்பட்டவர்களை 'பிளேடு' என்று ஏன் சொல்கிறார்கள் என்று இப்போது புரியும். 2014-ல் கேரள அரசு 'ஆபரேஷன் குபேரா' என்று போலீசை வைத்து அவர்கள் மேல் நடவடிக்கை எடுத்தது. அவர்களைப் பிடிப்பது அரசின் வேலை. அவர்களிடம் போக வேண்டிய தேவை வராமல் பார்ப்பது நம் கையில் ஓரளவு இருக்கிறது.

எடுத்து வைத்த பணம் எங்கே இருக்க வேண்டும்? நம் அம்மாக்கள் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் அரிசிப் பானைக்குள்ளும் சிறுவாடு வைத்தார்கள். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன், எத்தனையோ வீடுகளை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் 2016 நவம்பரை நினைத்துப் பாருங்கள். 500, 1,000 நோட்டு செல்லாது என்ற வாரத்தில் அறுபது வயது அம்மா ஒருவர் மிளகாய்த் தூள் மணக்கிற நோட்டுக் கட்டோடு என் கவுண்டருக்கு வந்தார். எங்களைப் போன்ற சொசைட்டிகளுக்கு அந்த நோட்டை மாற்றித் தர அனுமதி கிடையாது. பேங்குக்குப் போகச் சொன்னேன். "அங்கே போனா வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சுபோயிருமேம்மா" என்று அழுதார். பல வருஷம் சேர்த்த பணம். ஒளித்து வைத்த பணத்துக்கு அவசரத்தில் கை கொடுக்க ஆள் இல்லை. முடிந்தவரை உங்கள் பெயரில், கணக்கில் போடுங்கள்.

நம் அயல்கூட்டங்களை நடத்தும் கேரள அரசின் குடும்பஸ்ரீ திட்டம் 1998-ல் தொடங்கியது; பத்திலிருந்து இருபது பெண்கள் வாரா வாரம் கூடிச் சிறு தொகை சேர்ப்பதுதான் அதன் அடிப்படை. வாரக் கூலிக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியாது. கூட்டத்துக்கு மட்டம் போடாதீர்கள், பாஸ்புக்கில் அன்றைக்கே எழுதி வாங்குங்கள். நீண்ட காலத்துக்குத் தபால் ஆபீசில் ஐந்து வருஷ ஆர்டி, அதாவது மாதா மாதம் கட்டும் சேமிப்பு இருக்கிறது, மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். வட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசு அறிவிக்கும். 6.7 சதவீதக் கணக்கில் மாதம் 500 கட்டினால், போட்ட 30,000 ரூபாய் ஐந்து வருஷம் கழித்து 35,600 ரூபாய்க்கு மேல் ஆகும்.

அப்புறம், பலரும் ஏமாந்துபோகிற ஓர் இடம். வருஷம் 20 ரூபாயில் விபத்துக்கு இரண்டு லட்சம், 436 ரூபாயில் உயிருக்கு இரண்டு லட்சம் என்று இரண்டு மத்திய அரசு இன்சூரன்ஸ்கள் உண்டு, உங்களில் நிறையப் பேர் சேர்ந்திருப்பீர்கள். அவற்றின் வருஷம் ஜூன் ஒன்றில் தொடங்குகிறது. பிரீமியம் மே கடைசிக்குள் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். நாம் பள்ளிக்கூடத்துக்காகக் கணக்கைத் துடைத்து எடுக்கும் வாரமும் அதுதான்! பணம் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் நின்றுபோகும். நின்றது யாருக்கும் தெரியாது, வீட்டில் ஒரு சாவு விழும்வரை. மே மாதம் அந்தக் கணக்கில் 500 ரூபாயைத் தொடாமல் விட்டுவையுங்கள், தாயே.

சீட்டைப் பற்றி. நாம் சீட்டு என்பதை இங்கே குறி, சிட்டி என்கிறார்கள். சேமிப்பாக நினைத்துப் பொறுமையாகக் கடைசிவரை கட்டுபவருக்கு அது நல்லது. முதலிலேயே தள்ளி, அதாவது தொகையைக் குறைத்து ஏலம் கேட்டு எடுப்பவருக்கு அது கடன்தான். ஒரு லட்ச ரூபாய்க் குறியை முப்பது சதவீதம் தள்ளி எடுத்தால் கைக்கு வருவது 70,000; தள்ளுபடியில் நம் பங்கு கழிந்த பிறகும், கட்டி முடிக்கும் தொகை அதைவிட அதிகமாகத்தான் இருக்கும். கேரள அரசே 1969 முதல் கேஎஸ்எஃப்இ என்ற நிறுவனத்தில் சிட்டி நடத்துகிறது. தெரிந்தவர், பழகியவர் என்று பதிவில்லாத சீட்டில் சேர வேண்டாம். நானும் சேர்ந்தேன். கல்யாணமான புதிதில், ஓணத்துக்கென்று ஒரு வருஷம் கட்டிய வாரச் சீட்டு. ஆவணி பிறக்கும் முன் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. போலீஸ் ஸ்டேஷனில் காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

லாட்டரியைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2003-லேயே தடை வந்துவிட்டது. நாம் இருப்பது எல்லைக்கு இந்தப் பக்கம். வேலந்தாவளம், கோபாலபுரம் என்று எந்தக் கவலைக்கும் ஒரு லாட்டரிக் கடை திறந்திருக்கிறது. தினம் 50 ரூபாய்க்கு ஒன்று எடுத்தால் வருஷம் 18,250. மேலே போட்ட நாற்பத்தி இரண்டாயிரத்தில் பள்ளிக்கூடமும் ஓணமும் இதிலேயே அடங்கிவிடும், கூரையைக்கூடப் பார்த்துவிடலாம். வீட்டு ஆண்களிடம் சண்டை போடாமல் இந்த ஒரு கணக்கை மட்டும் காட்டுங்கள். மேலே சொன்ன பட்டியலையும் அவர்கள் கையாலேயே எழுத வையுங்கள். எழுதியவருக்கு அந்தப் பணத்தின் மேல் ஒரு பொறுப்பு வரும்.

கடைசியாக, மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் தவிர்க்க முடியாமல் வாங்குகிறீர்கள் என்றால் மூன்று விஷயம் ஞாபகத்தில் இருக்கட்டும். 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதி இது. உங்கள் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. வட்டி, கட்டணம் எல்லாம் எழுதிய தாளை உங்களுக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும். நம்மில் பலருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. தமிழில் கொடுங்கள் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை. கொடுத்த பிறகும் புரியவில்லையா? கையெழுத்துப் போடாமல் அந்தத் தாளோடு வாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இந்த வாயனசாலைத் திண்ணையில்தான் இருப்பேன். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.