பனியில் நிற்கும் குதிரைக்குக் குளிருமா?

[காட்சி: பனி மூடிய மேய்ச்சல் நிலம். வேலியோரம் மூன்று வெள்ளைப் பலகைகள். ஒரு குதிரை அவற்றை நோக்கி நடந்து வருகிறது.]

நார்வேயில் சில ஆராய்ச்சியாளர்கள் 23 குதிரைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: போர்வை வேண்டுமா, வேண்டாமா?

மூன்று பலகைகள் வைத்தார்கள். ஒன்றில் படுக்கைக் கோடு. அதைத் தொட்டால் போர்த்திவிடுவார்கள். இன்னொன்றில் நெடுக்குக் கோடு. தொட்டால் போர்வையை எடுத்துவிடுவார்கள். மூன்றாவதில் ஒன்றும் இல்லை. இப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். தினமும் கொஞ்ச நேரப் பயிற்சிதான். இரண்டு வாரத்துக்குள் 23 குதிரைகளுமே மூக்கால் பலகையைத் தொட்டுப் பதில் சொல்லப் பழகிவிட்டன. ஆய்வு 2016இல் வெளிவந்தது. எனக்கு இன்றைக்கும் வியப்பு தீரவில்லை.

சரி, என்ன பதில் சொன்னன? வெயில் அடித்த நாளில் போர்வை வேண்டாம் என்றன. மழையும் காற்றும் குளிரும் சேர்ந்த நாளில் பெரும்பாலானவை வேண்டும் என்றன. குளிர்காலத்தில் குதிரையை வெளியே வைத்திருக்கும் யாருக்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது.

[காட்சி: கனடாவின் அல்பர்ட்டா மாகாணம், ஜனவரி காலை. குதிரையின் முதுகில் வெள்ளையாகப் பனி.]

இங்கே இப்போது மைனஸ் 12 டிகிரி. முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கிறது. பார்க்கிற நமக்கு மனசு பதறும். ஆனால் அந்தப் பனி உருகவில்லை என்றால், உடம்புச் சூடு வெளியே கசியவில்லை என்று பொருள். உள்ளே தோல் கதகதப்பாக இருக்கும்.

காரணம் ரோமம். கோடையின் நடுவில் பகல் சுருங்கத் தொடங்கும்போதே குதிரையின் உடம்பு குளிர்கால ரோமத்துக்குத் தயாராக ஆரம்பித்துவிடும். குளிரும்போது ஒவ்வொரு மயிரும் குத்திட்டு நிற்கும். இடையில் காற்று சிக்கிக்கொள்ளும். அந்தக் காற்றுதான் கம்பளி. உடம்பு தேறி, ரோமம் முழுதாக வளர்ந்த குதிரை மைனஸ் 10, மைனஸ் 15 டிகிரி வரை பெரிய சிரமம் இல்லாமல் தாங்கும்.

அதே குதிரை தொப்பலாக நனைந்துவிட்டால்? மயிர் தோலோடு ஒட்டிக்கொள்ளும், காற்று வெளியேறிவிடும். 5 டிகிரியிலேயே நடுங்க ஆரம்பிக்கலாம். அதனால்தான் உறைபனி அதிகம் இல்லாத இங்கிலாந்தின் மழைக்காலக் குளிர், அல்பர்ட்டாவின் உலர்ந்த பனியைவிடக் குதிரைக்குக் கொடியதாகிவிடுகிறது.

[காட்சி: தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸ்மூர் மேட்டுநிலம். மழையில் நிற்கும் மட்டக்குதிரைகள்.]

இந்த எக்ஸ்மூர் மட்டக்குதிரைகளைப் பாருங்கள். ரோமம் இரண்டு அடுக்கு. உள்ளே மெத்தென்ற கம்பளி, வெளியே எண்ணெய்ப் பசையுள்ள முரட்டு மயிர். வாலின் அடியில் விசிறி போல ஒரு குட்டை மயிர்க் கொத்து. மழைத் தண்ணீர் இடுக்கில் இறங்காமல் பக்கவாட்டில் வழிந்துவிடும். கண்ணைச் சுற்றித் தடித்த விளிம்புகூட உண்டு. ஓலைக்கூரை இறவாரம் போல.

எல்லாக் குதிரைக்கும் இந்த வசதி இல்லை. அதற்கு நாம் கொட்டகை கட்டித் தரவேண்டும். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு போதும். திறப்பு, காற்று வழக்கமாக வரும் திசைக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். அகலமாகவும் கட்டுங்கள். கூட்டத்தில் அதிகாரம் செய்யும் குதிரை ஒன்று எப்போதும் இருக்கும். அது வாசலில் நின்றுகொண்டால், சாதுவானது இரவெல்லாம் மழையில்தான். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்த லாயம் இதைவிட மேல் என்று நினைக்காதீர்கள். மூத்திரத்தின் அமோனியாவும் தூசியும் நுரையீரலைக் கெடுத்துவிடும்.

[காட்சி: காய்ந்த புல் கட்டைப் பிரித்துப் போடும் கைகள்.]

அடுத்தது அடுப்பு. ஆமாம், குதிரையின் வயிற்றுக்குள் ஓர் அடுப்பு இருக்கிறது. குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் நுண்ணுயிரிகள் புல்லின் நாரைப் புளிக்கவைக்கும்போது சூடு பிறக்கிறது. அதற்கு விறகு காய்ந்த புல்தான், தானியம் அல்ல. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு 7.5 முதல் 10 கிலோ வரை. தாங்கும் அளவுக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் சுமார் 2 சதவீதம் கூட்டுங்கள். அதாவது 10 டிகிரி இறங்கினால் ஏறக்குறைய 2 கிலோ அதிகம். பெரும்பங்கை மாலையில் போடுங்கள், இரவு முழுக்க அடுப்பு எரியும். திடீரென்று ஒரு நாள் சூடான தவிட்டுக் கூழ் கொடுப்பது அன்புதான், ஆனால் பழகாத குடல் அதில் குழம்பிப்போகும்.

இப்போது தண்ணீர். நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். பச்சைப்புல்லில் 70, 80 சதவீதம் தண்ணீர். காய்ந்த புல்லில் 15 சதவீதம்கூட இருப்பது அரிது. குதிரை கூடுதலாகக் குடித்தே ஆகவேண்டும், ஆனால் தொட்டியோ உறைந்து கிடக்கும். சில்லிட்ட தண்ணீரைக் குதிரை குறைத்துக் குடிக்கும். குடல் வறண்டு தீனி அடைத்துக்கொண்டால் கோலிக் என்னும் வயிற்றுவலி வரும். உயிரே போகலாம். பனியைத் தின்று சமாளித்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். காலையும் மாலையும் பனிக்கட்டியை உடையுங்கள். முடிந்தால் சூடேற்றும் தொட்டி வையுங்கள். பக்கத்தில் உப்புக்கட்டியும் இருக்கட்டும்.

[காட்சி: போர்வையின் வார்களை இறுக்கும் பெண்.]

அப்போ போர்வை யாருக்கு? வயதானவை, மெலிந்தவை, ரோமம் கத்தரிக்கப்பட்டவை, சூடான ஊரிலிருந்து புதிதாக வந்தவை. இவற்றுக்கு மழை ஊடுருவாத போர்வை வேண்டும். நனைந்து ஊறிய போர்வை, இல்லாததைவிட மோசம். மெல்லியதும் அப்படித்தான். மயிரை அமுக்கிவிடும், சூடும் தராது. தினமும் கழற்றி, தோளிலும் முதுகிலும் உரசல் புண் இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் வேர்த்திருந்தால் போர்வை அதிகம்.

லாடம் அடித்த குளம்பில் பனி உருண்டையாக இறுகிக்கொள்ளும், அதையும் தட்டி எடுத்துவிடுங்கள்.

அப்புறம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கையுறையைக் கழற்றிவிட்டு விலாவைத் தொட்டுப் பாருங்கள். அடர்ந்த ரோமம் மெலிவை மறைத்துவிடும். லேசாக அழுத்தினால் எலும்பு தட்டுப்படலாம். அழுத்தாமலே துருத்திக்கொண்டு தெரிந்தால் இன்றைக்கே புல்லைக் கூட்டுங்கள், கால்நடை மருத்துவரையும் கூப்பிடுங்கள். கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், வசந்தத்தில் ரோமம் உதிரும்போதுதான் எலும்பு தெரியவரும்.

[காட்சி: வெறுங்கை ஒன்று குதிரையின் ரோமத்துக்குள் புதைகிறது. குதிரை தலையைத் திருப்பாமல் தின்றுகொண்டே இருக்கிறது.]