நடுவில் நின்ற மாணவன்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சி வட்டாரத்தில் அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் கூட்டுத் தொடர்வரிசையையும் கூட்டுத் தொடரையும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். வானொலியில் கரும்பலகை கிடையாது. ஆனால் இந்தப் பாடத்துக்குக் கரும்பலகையைவிடக் கயிறும் கோலப்புள்ளியும் அதிகம் உதவும் என்பதால், பலகை இல்லாத குறை இன்று தெரியாது என்று நம்புகிறேன்.

பெயர்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். 5, 8, 11, 14 என்று ஒரே அளவாக ஏறிக்கொண்டே போகும் எண்களின் வரிசை கூட்டுத் தொடர்வரிசை. ஒவ்வொரு முறையும் ஏறுகிற அந்த 3 பொது வித்தியாசம். அதே எண்களைக் கூட்டல் குறி போட்டுக் கோத்தால் அது தொடர். இரண்டு சொற்களும் 'தொடர்' என்றே தொடங்குவதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். வரிசையில் நிற்க வைப்பது ஒன்று, எல்லோரையும் சேர்த்து எண்ணுவது இன்னொன்று என்று இரண்டு முறை சொன்னால் தெளிந்துவிடும்.

தெளியாமல் நிற்கிற இடம் வேறு. 7, 11, 15 என்று போகும் வரிசையில் இருபதாவது எண் எது என்று கேட்டால், வகுப்பில் பாதிப் பேர் 20 முறை 4 கூட்டி 87 என்கிறார்கள். சரியான விடை 83. இருபதாவது எண்ணுக்கு 19 முறைதான் ஏற வேண்டும். சூத்திரத்தில் 'ஒன்று குறைவு' என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகளும் அதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்த ஒன்று ஏன் குறைகிறது என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

எனக்கு அதைச் சொல்லித் தரும் வழியைக் காட்டியவன் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பையன். கணக்கில் பின்தங்கியவன் என்று எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்த பிள்ளை. ஒருநாள் வகுப்பில், ஒரே வரிசையில் 10 தென்னங்கன்றுகள், கன்றுக்குக் கன்று 25 அடி, முதல் கன்றுக்கும் பத்தாவது கன்றுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். முன்வரிசைப் பிள்ளைகள் உடனே 250 என்றார்கள். பின்வரிசையிலிருந்து அவன் எழுந்து, "சார், கயிறு பிடிச்சுப் பார்த்தா 225 தான் வரும்" என்றான். அவனுக்குச் சூத்திரம் தெரியாது. ஆனால் அப்பாவோடு கன்று நட்டபோது 25 அடிக்கு ஒரு முடிச்சாகப் போட்ட கயிற்றை இழுத்துப் பிடித்து நின்றவன் அவன். முதல் முடிச்சுக்கு முன்னால் இடைவெளி எதுவும் கிடையாது என்பதை அவன் கை அறிந்திருந்தது.

மறுநாள் வகுப்பையே விளையாட்டு மைதானத்துக்கு அழைத்துச் சென்றேன். முழத்துக்கு ஒரு கல்லாக 10 கற்களைப் பிள்ளைகளே வைத்தார்கள். பிறகு கற்களை எண்ணச் சொன்னேன், 10. இடைவெளிகளை எண்ணச் சொன்னேன், 9. அந்த ஒன்பதை ஒரு பிள்ளை நம்பாமல் மறுபடி எண்ணினாள். அப்போதும் 9 தான். கிணற்று மேட்டிலிருந்து முதல் கன்று 12 அடி தள்ளி இருந்தால், பத்தாவது கன்று மேட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அடுத்துக் கேட்டேன். 12 அடியோடு ஒன்பது இருபத்தைந்தைச் சேர்த்து 237 என்று பல குரல்கள் ஒன்றாக வந்தன. முதல் உறுப்போடு, அதாவது வரிசையின் முதல் எண்ணோடு, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, அதைப் பொது வித்தியாசத்தால் பெருக்கிக் கூட்டு என்கிற சூத்திரம் முழுவதும் அந்த ஒரு விடைக்குள் இருக்கிறது. அதன் பிறகு அதைப் பலகையில் எழுத எனக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

இது நமக்குப் புதிய எண்ணம் அன்று. ஒன்றாம் தேதி இறந்தவருக்குப் பதினாறாம் நாள் காரியம் எந்தத் தேதி என்று கேட்டால், நம் வீட்டுப் பெரியவர்கள் தயங்காமல் 16 என்பார்கள்; 17 என்று யாரும் சொல்வதில்லை. இறந்த நாளே முதல் நாள், நடுவில் கடப்பது 15 நாள். இன்றைக்கு எட்டாம் நாள் என்றால் அடுத்த வாரம் இதே கிழமை. கடப்பது 7 நாள். நாள் எண்ணுவதில் நம் வழக்கத்துக்குள் இருக்கும் இந்த 'ஒன்று குறைவு', கணக்குப் புத்தகத்துக்குள் வந்ததும் ஏன் அந்நியமாகிவிடுகிறது என்று நான் பல காலம் வருந்தியிருக்கிறேன். இதையே திருப்பிக் கேட்டால், பதினைந்தாம் பக்கம் முதல் நாற்பதாம் பக்கம் வரை படித்த பிள்ளை 26 பக்கம் படித்திருக்கிறது, 25 அன்று. இடைவெளியை எண்ணுகிறோமா, கல்லை எண்ணுகிறோமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், இந்தப் பாடத்தில் பாதித் தவறுகள் வாரா.

இனிக் கூட்டுத்தொகைக்கு வருகிறேன். இங்கே எல்லா வகுப்பிலும் சொல்லப்படுவது காஸ் என்கிற ஜெர்மானியக் கணித அறிஞரின் கதை. ஆசிரியர் 1 முதல் 100 வரை கூட்டச் சொன்னார், சிறுவன் காஸ் நொடியில் 5050 என்று பலகையை வைத்துவிட்டான் என்பது நாம் அறிந்த வடிவம். காஸ் பிறந்தது 1777இல். இந்தக் கதை அச்சில் வந்தது அவர் இறந்த மறு ஆண்டான 1856இல், அவருடைய நண்பர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில். அதில் 1 முதல் 100 என்ற எண்களே இல்லை. ஒரு கூட்டுத் தொடரைக் கூட்டச் சொன்னார்கள் என்ற அளவில்தான் இருக்கிறது. எண்கள் பின்னால் வந்து சேர்ந்தவை. கதையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை மேதையின் கதையாகச் சொல்லி முடித்தால், கேட்கிற பிள்ளை 'இது நம்மால் ஆகாது' என்று மனத்துக்குள் எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. முதலும் கடைசியும் சேர்ந்தால் 101, இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும் சேர்ந்தால் மறுபடியும் 101 என்கிற கண்டுபிடிப்பைப் பிள்ளைகளே செய்ய வேண்டும். செய்வார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதற்காக ஒருமுறை 10 அட்டைகளில் 3, 7, 11 என்று நான்கு நான்காக ஏற்றி எழுதி, பத்துப் பிள்ளைகளை அட்டையோடு வரிசையில் நிறுத்தத் திட்டமிட்டிருந்தேன். அன்று ஒரு பிள்ளை விடுப்பு. சரி, 39 என்ற கடைசி அட்டையை விட்டுவிடுவோம், 3 முதல் 35 வரை ஒன்பது பேர் போதும் என்று நிறுத்தினேன். இரண்டு ஓரத்துப் பிள்ளைகளும் வந்து கைகோத்தார்கள்: 3, 35, சேர்ந்தால் 38. அடுத்த இருவர் 7, 31, அதுவும் 38. நான்கு ஜோடிகள் ஆயின. நடுவில் 19 என்ற அட்டையோடு ஒரு பையன் மட்டும் தனியாக நின்றான். "சார், என் கையை யார் பிடிப்பாங்க?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விதான் என்னுடைய பாடமுறையையே மாற்றியது என்று சொல்வேன். ஒற்றைப்படையாக உறுப்புகள் இருந்தால் ஜோடி எப்படிப் போடுவது என்பதைப் பெரும்பாலும் நாம் சொல்லாமல் கடந்துவிடுகிறோம். 'முதலையும் கடைசியையும் கூட்டி, எண்ணிக்கையில் பாதியால் பெருக்கு' என்று கூட்டுத்தொகைச் சூத்திரம் சொல்கிறது; ஒன்பதில் பாதி நாலரை; நாலரை ஜோடி என்றால் என்ன? நான் விடை தேடிக்கொண்டிருந்தபோதே ஒரு மாணவி, "அவன் அரை ஜோடி சார், அவன்கிட்ட இருக்கறது 38இல் பாதிதானே" என்றாள். நாலரை ஜோடியை முப்பத்தெட்டால் பெருக்கினால் 171. ஒவ்வோர் அட்டையாகக் கூட்டிப் பார்த்தோம். 171 தான் வந்தது.

அதோடு அது நிற்கவில்லை. 35 வைத்திருந்தவன் தன்னிடமிருந்து 16ஐ எடுத்து 3 வைத்திருந்தவளுக்குக் கொடுத்தால் இருவரிடமும் 19 இருக்கும் என்று இன்னொரு பிள்ளை கண்டுபிடித்தான். எல்லா ஜோடிகளும் அப்படியே பங்கிட்டுக்கொண்டால் ஒன்பது பேரிடமும் நடுவில் நிற்பவனிடம் இருக்கிற அதே 19. ஒன்பது பத்தொன்பது 171. தொடரின் கூட்டுத்தொகை என்பது சராசரியை எண்ணிக்கையால் பெருக்குவதே என்பதை அன்று அந்தப் பிள்ளைகள் எனக்குக் காட்டினார்கள். தனியாக நின்ற பையன்தான் அந்த வரிசைக்கே சராசரி.

ஆரியபட்டர் தம்முடைய ஆரியபட்டீயத்தில் இதை இதே முறையில்தான் சொல்லியிருக்கிறார் என்பதைப் பிற்பாடு படித்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கி.பி. 499இல் தமக்கு வயது 23 என்று அவரே குறிக்கிறார். அந்த நூலின் கணிதப் பகுதியில் ஒரே சுலோகத்தில், எண்ணிக்கையில் ஒன்று குறை, பாதியாக்கு, பொது வித்தியாசத்தால் பெருக்கு, முதல் உறுப்பைக் கூட்டு, கிடைப்பது நடு மதிப்பு, அதை எண்ணிக்கையால் பெருக்கினால் கூட்டுத்தொகை என்கிறார். நம் ஒன்பது பிள்ளைகளுக்கு அதைப் போட்டுப் பாருங்கள்: ஒன்பதில் ஒன்று குறைத்தால் 8, பாதி 4, நான்கால் பெருக்கினால் 16, மூன்றைக் கூட்டினால் 19. அந்தப் பையன் கையில் இருந்த அட்டை. இல்லையேல், முதலையும் கடைசியையும் கூட்டி எண்ணிக்கையில் பாதியால் பெருக்கு என்ற ஜோடி முறையையும் அதே சுலோகத்தின் முடிவில் சேர்க்கிறார். அதாவது நடு மதிப்பு அவருக்கு முதல் வழி. ஜோடி இரண்டாவது வழி. வகுப்பிலும் அந்த வரிசைதான் சரி என்பது என் உறுதியான கருத்து. கல்லும் இடைவெளியும் என்று சற்று முன் பேசினோமே, அந்த 'ஒன்று குறை' என்பதுதான் இங்கும் முதல் படி என்பதைக் கவனியுங்கள்.

வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் கோலத்தை எடுத்துக்கொள்ளலாம். 15 புள்ளி, ஊடு புள்ளி, 8இல் நிறுத்தவும் என்று கோலப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். ஊடு புள்ளியை இடைப்புள்ளி என்றும் இடுக்குப் புள்ளி என்றும் ஊருக்கு ஊர் சொல்வார்கள். மொத்தம் எத்தனை புள்ளி வைக்க வேண்டும்? நடு வரிசையில் 15. அதற்கு மேலே 14, 13 என்று குறைந்து 8 வரை ஏழு வரிசைகள். ஆறு என்று எண்ணிவிடாதீர்கள், இங்கேயும் அதே கல்லும் இடைவெளியும்தான். அந்த ஏழின் நடு வரிசை 11. ஏழு பதினொன்று 77. கீழே இன்னொரு 77. ஆக 169 புள்ளிகள். மார்கழிக் காலையில் வாசலில் குனிந்து நின்று ஒரு புள்ளியும் தவறாமல் இத்தனையும் வைக்கிற அம்மாக்கள், தங்களுக்குக் கணக்கு வராது என்று பெற்றோர் கூட்டத்தில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒருமுறையும் அதை ஒப்புக்கொண்டதில்லை.

சேமிப்புக் கணக்கும் இதே வகைதான். மாதத் தொடக்கத்தில் ஆயிரம் ரூபாயாக ஓராண்டு கட்டினால் முதல் ஆயிரம் 12 மாதம் இருக்கும், கடைசி ஆயிரம் ஒரு மாதம் இருக்கும். சராசரி ஆறரை மாதம், 12 தவணை, ஆக ஓர் ஆயிரத்துக்கு 78 மாத வட்டி. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் தனி வட்டி என்றால் ஆயிரத்துக்கு மாதம் 10. வட்டி 780 ரூபாய்.

நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கும் கணக்கைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். ஒரு பிள்ளை உண்டியலில் முதல் நாள் 20 ரூபாய் போடுகிறது, அடுத்த நாள் 16, பிறகு 12, 8, 4 என்று குறைகிறது. ஆறாம் நாள் ஒன்றும் போடவில்லை. ஏழாம் நாள் 4 ரூபாயை எடுக்கிறது. உண்டியலில் 56 ரூபாய் இருந்தது எந்த நாள்? இதை இருபடிச் சமன்பாடாக்கினால் 4, 7 என்று இரண்டு விடைகள் வரும். கணக்குக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும் என்று எண்ணி, நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட 7 என்ற விடையை அடித்துவிடுகிறார்கள். குறை எண்ணோ பின்னமோ வந்தால் அடிக்க வேண்டும். இங்கே இரண்டுமே சரி. ஐந்தாம் நாள் போட்ட 4 ரூபாயை ஏழாம் நாள் எடுத்தாயிற்று, ஆகவே நான்காம் நாள் இருந்த அதே 56 ரூபாய் ஏழாம் நாளும் உண்டியலில் இருக்கிறது. வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.