ஐம்பது மீட்டர் என்று எழுதியிருந்தால்

நேயர்களுக்கு வணக்கம். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வாட்ச் பழுது பார்க்கிறவன். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் என் மேஜைக்கு ஒரே மாதிரி வாட்ச்கள் வரிசையாக வரும். கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி பிடித்திருக்கும், திரையின் ஓரத்தில் கறை படர்ந்திருக்கும். கொண்டு வருகிற பிள்ளைகள் கேட்பதும் ஒரே கேள்விதான். “அம்பது மீட்டர்னு போட்டிருக்குண்ணா, நான் நெஞ்சளவு தண்ணிலதானே நீந்தினேன்?” நியாயமான கேள்வி. முதல் சம்பளத்தில் வாங்கியது, அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கியது என்று அந்த வாட்ச் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒருவருடைய உழைப்பு இருக்கிறது. அதனால் இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக எண்ணம்.

தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். வாட்சின் பின்மூடியில் 5 ஏடிஎம், அதாவது ஐந்து வளிமண்டல அழுத்தம், என்றோ 50 மீட்டர் என்றோ இருந்தால், அந்த அளவு அழுத்தத்தைத் தாங்கும்படி செய்து சோதித்த மாடல் அது என்று அர்த்தம். சோதனை எங்கே நடக்கிறது? தொழிற்சாலையில். புத்தம்புது வாட்ச், சுத்தமான தண்ணீர், ஆட்டம் அசைவு கிடையாது. அன்றாட வாட்ச்களுக்கான உலகத்தர விதி ஐஎஸ்ஓ 22810, 2010-ல் வந்தது. கடலடியில் முக்குளிப்பவர்கள் கட்டுகிற வாட்சுக்கு ஐஎஸ்ஓ 6425 என்று தனி விதி இருக்கிறது. அதில் குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும், எழுதியிருப்பதைவிட 25 விழுக்காடு கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கவும் வேண்டும்.

நடைமுறையில் எப்படி எடுத்துக்கொள்வது? 30 மீட்டர் என்றால் மழை, கை கழுவுவது, அவ்வளவுதான். அதைக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்காதீர்கள். 50 மீட்டர் என்றால் நீச்சல்குளத்தில் நீந்தலாம். கடலில் நீந்துகிறவர்கள் 100 மீட்டர் பார்த்து வாங்குவது நல்லது. இன்னொன்று, பர்மா பஜாரிலும் ஆன்லைனிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பல ஸ்மார்ட் வாட்ச்களில் மீட்டர் கணக்கே இருக்காது, ஐபி67, ஐபி68 என்று தூசி, தண்ணீர் தாங்கும் தரக்குறிதான் இருக்கும். ஐபி67 என்பது அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழம், அரை மணி நேரம். ஐபி68-க்கு ஆழமும் நேரமும் கம்பெனி சொல்வதுதான். இரண்டையும் நீச்சலுக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, 50 மீட்டர் வாட்ச் நெஞ்சளவு தண்ணீரில் ஏன் தோற்கிறது? கையை வீசி நீந்தும்போது அழுத்தம் பல மடங்கு கூடிவிடும் என்று பலர் சொல்வார்கள். கணக்கு போட்டுப் பார்த்தால் அது பெரிய விஷயமில்லை. கை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தண்ணீரைக் கிழித்தாலும், கூடுகிற அழுத்தம் அரை மீட்டர் ஆழத்துக்குச் சமம், அவ்வளவுதான். காசிமேட்டில் துறைமுகச் சுவர் மேலிருந்து பிள்ளைகள் கடலில் குதிக்கிறார்களே, அப்போது தண்ணீர் வந்து அறைவது வேறு விஷயம், அதற்கு வாட்சைக் கழற்றிவிட வேண்டும். ஆனால் சாதாரண நீச்சலில் காரணம் வேகம் இல்லை. உள்ளே இருக்கிற ரப்பர் வளையம்தான்.

கேஸ்கெட் என்போம். பின்மூடிக்கு அடியில் ஒன்று, பக்கவாட்டில் நேரம் திருப்பும் சாவித் தண்டில் ஒன்று, ஒவ்வொரு பட்டனிலும் ஒன்று இருக்கும், கண்ணாடி விளிம்பிலும் வளையமோ பசையோ இருக்கும். நூல் கனம்தான். தண்ணீரை வெளியே நிறுத்துவது முழுக்க அதன் வேலை. ரப்பர் என்பதால் அதற்கு வயசாகும். குளத்துக் குளோரின், கடல் உப்பு, வியர்வை, சோப்பு, வாசனைத் திரவியம், வெயிலுக்குப் பூசும் கிரீம் எல்லாம் சேர்ந்து அதைத் தின்னும். மெதுவாகக் காய்ந்து, தட்டையாகி, ஓர் இடத்தில் மயிரிழை அளவு வெடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பின்மூடியில் 50 மீட்டர் என்ற எழுத்து மட்டும் அப்படியே பளிச்சென்று இருக்கும்.

நம் ஊர் வெயில் இதை இன்னும் விரைவாக்குகிறது. திருவொற்றியூர் கடற்கரைப் பாறைமேல் வெயிலில் கிடந்த வாட்ச் தகிக்கும். அதைக் கட்டிக்கொண்டு உடனே தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். வளையத்தில் சின்ன இடைவெளி இருந்தாலும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் நிழலில் ஆறவிட்டு இறங்குங்கள். எண்ணெய்க் குளியல், வெந்நீர், நீராவி இவற்றுக்கு எந்த வாட்சும் வேண்டாம். 200 மீட்டர் வாட்சாக இருந்தாலும் கழற்றி வையுங்கள்.

நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைப்பது செல், அதாவது பேட்டரி, மாற்றுகிற விஷயம். செல் போடுகிற வாட்சில் தண்ணீர் புகுவது பெரும்பாலும் செல் மாற்றிய பிறகுதான். பின்மூடியைத் திறந்ததும் பழைய வளையம் இடம் பிசகும். அதையே திரும்ப உட்கார வைத்து அவசரமாக மூடினால் ஒரு பக்கம் மடிந்து மாட்டிக்கொள்ளும். முறைப்படி என்றால், தடத்தைத் துடைத்து, புது வளையம் போட்டு, மெல்லிதாக சிலிகான் கிரீஸ் தடவி, மூடியைச் சீராக இறுக்கி, கடைசியில் பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும். சோதனைப் பாத்திரத்தில் பாதி தண்ணீர், மேலே காற்று. முதலில் வாட்சைக் காற்றில் தொங்கவிட்டு அழுத்தம் ஏற்றுவோம். பிறகு தண்ணீருக்குள் இறக்கி அழுத்தத்தை மெதுவாகக் குறைப்போம். ஓட்டை இருந்தால் உள்ளே புகுந்த காற்று அங்கிருந்து குமிழியாக வெளியே வரும். சாவிப் பக்கமா பட்டன் பக்கமா என்று கண்ணாலேயே பார்க்கலாம். குமிழி கண்டால், அழுத்தம் முழுவதும் இறங்குவதற்குள் வாட்சைத் தூக்கிவிட வேண்டும்.

எல்லாக் கடையிலும் அந்தக் கருவி இருக்காது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் செல் மாற்றக் கொடுக்கும்போதே “நான் இதைக் கட்டிக்கிட்டு நீந்துவேன், ரிங் மாத்தி டெஸ்ட் பண்ணித் தருவீங்களா” என்று வாய்விட்டுக் கேளுங்கள். இல்லை என்றால் வேறு கடை பாருங்கள். அடிக்கடி நீந்துகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை செல் தீராவிட்டாலும் சோதித்துக்கொள்ளலாம். சார்ஜ் ஏற்றும் ஸ்மார்ட் வாட்ச்கள் பலவற்றைத் திறந்து திரும்ப அதே போல் அடைப்பது முடியாத காரியம். நீர் தாங்கும் தன்மை நாளடைவில் குறையும் என்று அந்தக் கம்பெனிகளே கையேட்டில் எழுதியிருக்கின்றன. கீழே விழுந்து கண்ணாடி கீறிய வாட்ச் என்றால் அதோடு நீந்துவதை நிறுத்திவிடுங்கள்.

1927 அக்டோபரில் மெர்சிடஸ் கிளைட்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண்மணி ஆங்கிலக் கால்வாயில் பத்து மணி நேரம் போல நீந்தினார். உறைகிற குளிர். கரை சேர முடியவில்லை, ஆனால் உடன் இருந்த ரோலக்ஸ் வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. அதை வைத்து உலகமெங்கும் விளம்பரம் செய்தார்கள். நல்ல வாட்ச்தான், சந்தேகமில்லை. ஆனால் அது புது வாட்ச், கையில் இல்லாமல் கழுத்தில் தொங்கியது, கடலுக்குள் யாரும் அதன் சாவியைத் தொடவில்லை. இந்த மூன்றையும் நான் கவனிக்கச் சொல்வேன். ஏனென்றால் தண்ணீருக்குள் பட்டனை அழுத்தினால், அந்த நொடியில் வளையம் விலகி வழிவிடக்கூடும். நேரம் பார்க்க, லேப் என்கிற சுற்றைக் குறிக்க என்று அழுத்தாதீர்கள். நீருக்குள் அழுத்தலாம் என்று கையேட்டில் இருந்தால் மட்டும் செய்யலாம். தொடுதிரை வாட்சில் தண்ணீர் பட்டே தானாக எதையாவது அமுக்கிவிடும், அதனால் இறங்குமுன் திரையைப் பூட்டும் வாட்டர் லாக் போட்டுவிடுங்கள். சாவி உள்ளே அமுங்கியிருக்கிறதா, திருகும் வகை என்றால் முழுக்க இறுகியிருக்கிறதா என்று ஒரு தடவை தடவிப் பாருங்கள்.

நீந்தும்போது அளக்கிற விஷயத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரியமேடு மை லேடி பூங்கா குளமோ வேறு எதுவோ, குளத்தின் நீளத்தை வாட்சில் சரியாகப் போடாவிட்டால் தூரம் முழுக்கத் தப்பாக வரும். ஜிபிஎஸ் அலை தண்ணீருக்குள் போகாது, கை மேலே வரும்போதுதான் கிடைக்கும், அதனால் கடலில் கோடு கோணலாக விழும். இதயத் துடிப்பு எண்ணும் ஒளி உணரிக்கும் தோலுக்கும் நடுவே தண்ணீர் ஓடினால் கணக்கு தடுமாறும். ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் இறுக்கிக்கட்டினால் ஓரளவு சரியாகும். தோல் ஸ்ட்ராப் மட்டும் தண்ணீருக்கே ஆகாது.

கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நம் பக்கத்தில், குறிப்பாக திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில், பல வீடுகளில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் அலசினால் உப்பை உப்பால் கழுவின கதைதான். மெட்ரோ தண்ணீரை ஒரு குவளையில் பிடித்து, வாட்சை அதில் கொஞ்ச நேரம் போட்டு அலசுங்கள். குழாயை வேகமாகத் திறந்து நேராகப் பிடிக்க வேண்டாம். ஸ்பீக்கர் துளையில் ஊசி விட்டுக் குத்தவே கூடாது. பிறகு மெல்லிய துணியால் துடைத்து, காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். பின்பக்கம் பித்தளை நிறப் புள்ளிகள் இருக்கிற வாட்ச்களில் ஈரத்தோடு சார்ஜ் ஏற்றினால் அந்தப் புள்ளிகள் அரித்துப்போகும்.

அப்புறம், உள்ளே தண்ணீர் போய்விட்டால்? ஸ்மார்ட் வாட்சை உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜில் போடாதீர்கள். அரிசி டப்பாவுக்குள் போடுவதால் பயனில்லை, தூசிதான் சேரும். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்டினால் ஆவி உள்ளே இன்னும் பரவும், ரப்பரும் கெடும். குளத்துத் தண்ணீர் என்றால்கூட அன்றைக்கே கடைக்குக் கொண்டு போங்கள். கடல் தண்ணீர் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம், இரும்புப் பாகத்தில் துரு ஏறத் தொடங்கிவிடும். கடையில் கொடுக்கும்போது எந்தத் தண்ணீர், எப்போது போனது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் என்று தெரிந்தால் நாங்கள் முதலில் உப்பைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் உலர்த்துவோம்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.