தின்னது உடம்புல ஒட்டணும்னா குழாய்ல தண்ணி வரணும்

வணக்கம் நேயர்களே. ஒரு குழந்தை சவலையா இருந்தா உடனே எல்லாரும் கேக்குறது "அம்மாக்காரி ஒழுங்கா ஊட்டுறாளா"ங்கிறதுதான். ஆஸ்திரேலியாவோட வடக்குல, நார்தர்ன் டெரிட்டரிங்கிற பகுதியில, அதோட தலைநகரம் டார்வின்ல இருந்து நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, மழைக்காலத்துல ரோடே மூழ்கிப்போற ஊர்கள்ல வாழுற பூர்வகுடித் தாய்மார்கள் எத்தனையோ வருஷமா இந்தக் கேள்வியைத்தான் காதுல வாங்கிட்டு இருக்காங்க. இது தப்பான கேள்விங்க, அதைப் பத்திப் பேசத்தான் இன்னிக்கு வந்திருக்கேன்.

அங்க நிறைய குழந்தைங்க பிறந்து மொத சில மாசம் தாய்ப்பால்ல நல்லாவே வளருது. ஆறு மாசம் வாக்குல வேற சாப்பாடு, தண்ணின்னு ஆரம்பிக்கும், தவழவும் தொடங்கும், தரையில கிடக்குறதெல்லாம் வாய்க்குப் போகும். அப்பதான் கிளினிக் வளர்ச்சி கார்டுல எடையைக் காட்டுற கோடு சரிய ஆரம்பிக்குது. ரோட்டாவைரஸ், ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம்னு வயித்துப்போக்கு உண்டாக்குற கிருமிங்க ஒண்ணு போனா இன்னொண்ணு வந்துட்டே இருக்கும்.

நம்ம சிறுகுடலோட உள்பக்கம் டர்க்கி டவல் மாதிரி சின்னச் சின்ன இழையா நீட்டிக்கிட்டு இருக்கும், சத்தை உறிஞ்சுறது அந்த இழைங்கதான். தொற்று மேல தொற்று வந்தா அதெல்லாம் தேஞ்சு மழுங்கிடும், குடல் சுவரும் கசிய ஆரம்பிச்சிடும், கிருமியோட துணுக்குகள் உள்ள போயி உடம்பு எந்நேரமும் சண்டை போட்டுக்கிட்டே இருக்கும், வளர வேண்டிய சக்தி அதுலயே செலவாயிடும். பால்ல இருக்குற சர்க்கரையை ஜீரணிக்கிற என்சைம் அந்த இழை நுனியிலதான் இருக்கு, அது போயிட்டா பவுடர் பால் குடுத்தாக்கூட பேதி அதிகமாகும். டார்வின்ல டாக்டர்கள் லாக்டுலோஸ், ராம்னோஸ்னு ரெண்டு சர்க்கரையைக் குடிக்க வச்சு, ரத்தத்துல எது எவ்வளவு போயிருக்குன்னு பாத்தாங்க; நல்ல குடலா இருந்தா லாக்டுலோஸ் உள்ள அதிகம் போகாது, கசியுற குடல்னா போயிடும். வயித்துப்போக்கு இல்லாத பூர்வகுடிக் குழந்தைங்க குடல்லயும் கசிவு தெரிஞ்சுது. அதாவது வெளிய நல்லா இருக்குற புள்ளைக்கும் தின்னது உடம்புல ஒட்டல.

புழுவும் இருக்கு. ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ்னு ஒண்ணு, மண்ணுல இருந்து தோல் வழியா ஏறி, உடம்புக்குள்ளயே பெருகி பல வருஷம் தங்கிடும். அதுக்கு நல்ல மருந்து ஐவர்மெக்டின், ஆனா 15 கிலோவுக்குக் கீழ இருக்குற குழந்தைக்கு வழக்கமா குடுக்க மாட்டாங்க, நாம கவலைப்படுற குழந்தைங்க எடையே அதுக்கும் கீழதான்.

அப்ப சத்து மருந்து குடுத்தா சரியாயிடாதான்னு கேக்கலாம். நியாயமான கேள்விதான். வயித்துப்போக்கோட ஆஸ்பத்திரியில சேந்த பூர்வகுடிக் குழந்தைங்களுக்கு ஜிங்க், வைட்டமின் ஏ குடுத்து சோதனை பண்ணி 2005ல முடிவை வெளியிட்டாங்க, வேற நாடுகள்ல பலன் தந்த ஜிங்க் இங்க வயித்துப்போக்கு நாளைக் குறைக்கல. ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்து 2006ல நார்தர்ன் டெரிட்டரியில ஆரம்பிச்சாங்க, அது கண்டிப்பா வேணும், ஆனாலும் அடுத்த வருஷமே அதே டெரிட்டரியில இருக்குற ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊர்ப் பக்கம் ரோட்டாவைரஸ் பெரிய அளவுல பரவிச்சு. மருந்து வேண்டாம்னு நான் சொல்லல, குடுத்தே ஆகணும். ஆனா குழந்தை திரும்பிப் போற வீடு அதே வீடா இருந்தா என்ன பண்றது?

அந்த வீட்டைப் பத்தித்தான் எனக்கு ரொம்ப ஆதங்கம். 1987லயே தெற்கு ஆஸ்திரேலியாவோட பாலைவனத்துல, பிட்ஜன்ஜாராங்கிற பூர்வகுடி மக்களோட ஹெல்த் சர்வீஸ் ஒரு வேலை பண்ணுச்சு. பால் டோர்சில்லோன்னு டாக்டர், பால் ஃபொலெரோஸ்னு ஆர்க்கிடெக்ட், ஸ்டீஃபன் ரெய்னோன்னு சுற்றுப்புற சுகாதார நிபுணர், இவங்க மூணு பேரும் அந்த ஜனங்களோட சேந்து, ஆரோக்கியத்துக்கு ஒரு வீட்டுல என்னென்ன வேலை செய்யணும்னு வரிசை போட்டாங்க. மொத இடம் எதுக்குத் தெரியுமா? சின்னக் குழந்தையைத் தினமும் குளிப்பாட்ட முடியணும், அதுக்கு. அப்புறம் நாடு பூரா பூர்வகுடி மக்களோட ஆயிரக்கணக்கான வீடுகளைச் சோதிச்சாங்க, நூத்துக்கு 35 வீட்டுலதான் ஷவர் வேலை செஞ்சுது, 58 வீட்டுலதான் டாய்லெட் வேலை செஞ்சுது. பணக்கார நாடுங்க இது!

"அவங்களே உடைச்சிருப்பாங்க"ன்னு சொல்றவங்க இருக்காங்க. அதையும் கணக்கெடுத்தாங்க. பழுதுல பத்துல ஒரு பங்குகூட குடியிருக்கிறவங்க உடைச்சதால வந்தது இல்ல. பெரும்பாலானது பராமரிப்பே இல்லாம போனது, மிச்சம் கட்டும்போதே மோசமா கட்டினது. சின்னக் கூட்டமா இடம் மாறி மாறி வாழ்ந்த ஜனங்களை கிறிஸ்தவ மிஷன், குடியிருப்புன்னு ஒரே இடத்துல உக்கார வச்சது யாரு, அங்க பைப்பைப் பாத்துக்க வேண்டிய பொறுப்பு யாருது?

நான் கேக்குறது பெரிய விஷயம் இல்லீங்க. எடை குறைஞ்ச குழந்தை கிளினிக்குக்கு வந்தா, தாய்ப்பால விடாம குடுக்கச் சொல்லுங்க, ஓஆர்எஸ் குடுங்க, புழு மருந்து குடுங்க. கூடவே அந்த வீட்டுல ஷவர் ஓடுதா, சுடுதண்ணி வருதா, டாய்லெட் அடைச்சிருக்கா, எத்தனை பேர் இருக்காங்கன்னு அதே கார்டுல எழுதுங்க. எழுதினதை வீட்டுவசதி ஆபீஸுக்கு அனுப்பி, அந்த வாரமே பிளம்பரைப் போகச் சொல்லுங்க.