மானுக்கு எது, எல்க்குக்கு எது? மஸில்லோடர் கேலிபரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

(திரையில்: மேசைமேல் வரிசையாக நான்கு ஈயக் குண்டுகள். பக்கத்தில் ஒரு சிறிய தராசு.)

வணக்கம். மேசையில் இருக்கிற நான்கும் சுத்த ஈயத்தில் வார்த்த உருண்டைக் குண்டுகள். இடமிருந்து .45, .50, .54, .58 கேலிபர் துப்பாக்கிகளுக்கானவை. கேலிபர் என்றால் குழல் துளையின் விட்டம், அங்குலக் கணக்கில். கண்ணால் பார்த்தால் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. தராசில் வைத்தால்தான் விஷயம் புரியும். முதல் குண்டு 128 கிரெய்ன், அடுத்தது 177, மூன்றாவது 224, கடைசி 278. ஒரு கிராமுக்குப் பதினைந்தரை கிரெய்ன் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மஸில்லோடர் என்றால் குழலின் வாய் வழியாகக் கருமருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்து இறக்கிச் சுடும் துப்பாக்கி. நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அடிப்படை வேலை அதேதான். இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம், அதில் பேச்சுக்கே இடமில்லை. இந்த வீடியோ அமெரிக்காவைப் பற்றியது. அங்கே மாநில வனவிலங்குத் துறைகள் மஸில்லோடருக்கென்று தனிப் பருவமே ஒதுக்குகின்றன. உரிமம் வாங்கி முதல் தடவை கடைக்குப் போகிறவர் எல்லோருக்கும் ஒரே குழப்பம்தான்: .45 வாங்குவதா, .50 வாங்குவதா, .54 வாங்குவதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேலிபரை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்த வகைக் குண்டைச் சுடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உருண்டைக் குண்டு என்றால் கணக்கு ஒன்று, நீளக் குண்டு என்றால் வேறு.

(திரையில்: .50, .54 குண்டுகள் மட்டும் அருகருகே, பெரிதாக.)

உருண்டையில் ஆரம்பிப்போம். உருண்டைக்கு நீளம் என்று தனியாக ஒன்று கிடையாது. எடையைக் கூட்ட வேண்டுமென்றால் விட்டத்தைக் கூட்டுவது ஒன்றே வழி. ஆனால் விட்டம் கொஞ்சம் கூடினாலே எடை அதைவிட வேகமாகக் கூடும், ஏனென்றால் கன அளவு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. .50-க்கான குண்டின் விட்டம் .490 அங்குலம். .54-க்கான குண்டு .530. விட்டத்தில் வித்தியாசம் எட்டு சதவீதம்தான், எடையில் 26 சதவீதம். கேலிபர் எண்ணில் நான்கு புள்ளிதானே என்று நினைத்தால் இங்கேதான் ஏமாறுவோம்.

எடைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? உருண்டை காற்றில் மோசமாகப் பறக்கும். .50 துப்பாக்கியில் 90 கிரெய்ன் மருந்து போட்டால் குண்டு ஏறக்குறைய நொடிக்கு 1,900 அடி வேகத்தில் கிளம்பும். 100 கஜம் தாண்டும்போது அது 1,100 அடி அளவுக்கு இறங்கிவிடும். ஆற்றலில் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே போய்விட்டது. பக்கக் காற்று மணிக்கு 10 மைல் அடித்தாலே 100 கஜத்தில் குண்டு ஒரு சாண் அளவுக்கு விலகும். மருந்தைக் கூட்டினால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. கிளம்பும்போது கூடுகிற வேகத்தில் பெரும்பகுதியைக் காற்று முதல் ஐம்பது கஜத்திலேயே பிடுங்கிக்கொள்ளும். தோளில் உதை கூடும், புகை கூடும், மிருகத்தைத் தொடும்போது பலன் அந்த அளவுக்குக் கூடாது.

அப்படியானால் உருண்டைக் குண்டு பலவீனமானதா? இல்லை. இந்தக் காலத்து .30 கேலிபர் ரைஃபிள் குண்டு உடலுக்குள் போய்க் காளான்போல விரிந்த பிறகுதான் அரை அங்குலத்தைத் தாண்டும். .50 உருண்டை தோலைத் தொடும்போதே கிட்டத்தட்ட அரை அங்குலம். விரிய வேண்டிய கட்டாயமே இல்லை. நெஞ்சுக்கூட்டில் நுரையீரல் வழியாகப் போனால் மான் அதிக தூரம் ஓடாது. வேகம் குறைவு என்பதால் இறைச்சியும் அதிகம் சிதையாது. காகிதத்தில் ஆற்றல் எண்ணை மட்டும் பார்த்து உருண்டையை ஒதுக்குகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சூத்திரத்தில் வேகம் இருமடியாக வருகிறது, குண்டின் அகலம் வரவே இல்லை.

(திரையில்: பென்சில்வேனியா காடு, பனி, வெள்ளைவால் மான்.)

வெள்ளைவால் மானைப் பொறுத்தவரை .50 உருண்டை தாராளம். .45 கூட போதும், 60, 70 கஜத்துக்குள் நெஞ்சில் பக்கவாட்டாக அடிக்கும் பொறுமை இருந்தால். பென்சில்வேனியாவில் 1974 முதல் பிளின்ட்லாக் பருவம் நடக்கிறது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் தொடங்கும் அந்தப் பருவத்தில் சிக்கிமுக்கிக் கல் உரசிப் பற்றும் துப்பாக்கிக்கு மட்டுமே அனுமதி. அந்த மாநிலத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு என்று நினைக்கிறேன். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய கொல்லர்கள் 18-ம் நூற்றாண்டில் லாங் ரைஃபிளை வளர்த்தெடுத்தது லான்காஸ்டர் பக்கத்தில்தான். கிழக்கே அடர்ந்த காடு, மான்தான் பெரும்பாலான வேட்டை, ஈயமும் மருந்தும் விலை உயர்ந்த சரக்கு. அதனால் அங்கே கேலிபர் சின்னதாகவே போதுமானதாக இருந்தது.

மேற்கே போனவர்களுக்கு அது போதவில்லை. சமவெளியில் காட்டெருமை, மலையில் எல்க் என்கிற பெரிய மான், கிரிஸ்லி கரடி. செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் செய்த ரைஃபிள்கள் குட்டையான, கனத்த குழலோடு, பெரும்பாலும் .50-க்கு மேல் இருந்தன. அரை அவுன்ஸ் குண்டு என்பது அந்தக் காலத்துப் பேச்சு: ஒரு பவுண்டு ஈயத்தில் முப்பத்திரண்டு குண்டு. கணக்குப் போட்டால் அது இன்றைய .54-க்கு மிக அருகில் வருகிறது. அமெரிக்க ராணுவத்தின் 1803-ம் ஆண்டு ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ரைஃபிளும் .54, 1841-ம் ஆண்டு மிசிசிப்பி ரைஃபிளும் .54. எல்க்குக்கு எது என்று யாராவது கேட்டால் நான் இந்த வரலாற்றைத்தான் முதலில் சொல்வேன். உருண்டைக் குண்டை மட்டும் நம்பிப் பெரிய மிருகங்களுக்கு நடுவே வாழ்ந்தவர்கள் எந்த அளவுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது சும்மா தள்ளிவிடக்கூடிய சாட்சி இல்லை.

(திரையில்: செப்டம்பர் மாத ஆஸ்பென் காடு. ஆண் எல்க் கூவுகிறது.)

இப்போது எல்க். வளர்ந்த ஆண் எல்க் 320 கிலோ இருக்கும், பெண் எல்க் 225 கிலோ. நம் கடமானைப் பார்த்தவர்கள் அதில் பெரிய ஆணை நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது சாதாரண அளவு. தோல் தடிப்பு, விலா எலும்பு அகலம், தோள்பட்டைக்கு முன்னால் தசை மலை மாதிரி. சுத்த ஈய உருண்டை எலும்பில் பட்டால் தட்டையாகி உடனே வேகம் இழக்கும். 177 கிரெய்னுக்கும் 224 கிரெய்னுக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் தெரியும். .50 உருண்டையால் எல்க்கை வீழ்த்த முடியாது என்று சொல்லமாட்டேன், வீழ்த்தியவர்கள் நிறையப் பேர். ஆனால் மிருகம் சரியாகப் பக்கவாட்டில் நின்று, 50 கஜத்துக்குள் இருந்து, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குண்டு போனால்தான் அது நியாயமான அடி. கொஞ்சம் கோணம் மாறினால் குண்டு ஒரு பக்க நுரையீரலோடு நின்றுவிடலாம். ஒரு நுரையீரலோடு எல்க் மைல் கணக்கில் நடக்கும். காயம்பட்ட மிருகத்தை இருட்டில் தொலைப்பதைவிட மோசமான முடிவு இந்த வேட்டையில் இல்லை. அதனால் உருண்டைதான் என்று முடிவு செய்தவருக்கு எல்க்குக்கு .54. தோள் தாங்கினால் .58-ம் நல்லது, ஆனால் துப்பாக்கியும் கனக்கும், குண்டின் பாதையும் சீக்கிரம் வளையும்.

சரி, நீளக் குண்டு? இங்கே கணக்கே மாறுகிறது. நீளக் குண்டுக்கு விட்டத்தைத் தொடாமலே எடையைக் கூட்டலாம். .50-க்கு 350, 385 கிரெய்னில் ஈயக் குண்டு கிடைக்கிறது. அதே அகலத் துளை, பின்னால் உருண்டையைவிட இரண்டு மடங்கு எடை. தோள் எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகும். இந்தக் குண்டோடு .50 துப்பாக்கி எல்க்குக்கு முழுமையாகப் போதும், .54 தேடி அலைய வேண்டியதில்லை. குறை இரண்டு. உதை பலமாக இருக்கும். இன்னொன்று ஆபத்தானது: உருண்டையைத் துணித்துண்டு சுற்றி இறுக்கமாக இறக்குகிறோம், அது அசையாது. நீளக் குண்டு துணியில்லாமல் இறங்குவதால், துப்பாக்கியை வாய் கீழ்நோக்கிச் சுமந்து நடந்தால் மெல்ல முன்னால் நகரலாம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்து அந்த நிலையில் சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கலாம். இறக்கும் கம்பியில் ஒரு கோடு போட்டு வைத்து, அவ்வப்போது உள்ளே விட்டுப் பார்ப்பது கட்டாயம்.

(திரையில்: குழலின் குறுக்குவெட்டு. திருகு வரிகள் மெதுவாகச் சுழல்கின்றன.)

கடையில் கேலிபர் எண்ணைக் கேட்ட உடனே அடுத்து ட்விஸ்டைக் கேளுங்கள். குழலுக்குள் இருக்கிற திருகு வரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்பதுதான் ட்விஸ்ட். 60, 66, 70 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் மெதுவான ட்விஸ்ட், உருண்டைக்கான குழல். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் வேகமான ட்விஸ்ட், நீளக் குண்டுக்கான குழல். 48 என்றால் இரண்டுக்கும் நடுவே, இரண்டையும் ஓரளவு சமாளிக்கும். 28 ட்விஸ்ட் உள்ள .54-ஐ வாங்கி உருண்டை போட்டுவிட்டு, குறி சேரவில்லையே என்று புலம்புவதில் பயனில்லை. 1985-ல் டோனி நைட் என்ற துப்பாக்கித் தயாரிப்பாளர் கொண்டுவந்த எம்கே-85-க்குப் பிறகு பரவிய இன்லைன் மாடல்கள், அதாவது மருந்துக்கு நேர் பின்னாலிருந்து தீப்பற்றும் நவீன மஸில்லோடர்கள், பெரும்பாலும் .50, வேகமான ட்விஸ்ட். பழைய பாணி ஹாக்கன் மாடல்களில் 48 அதிகம்.

அப்புறம் சட்டம். இதை முன்னாலேயே பார்க்காவிட்டால் வாங்கிய துப்பாக்கி வீண். அமெரிக்காவிலேயே எல்க் அதிகம் உள்ள கொலராடோவில் மஸில்லோடர் பருவம் செப்டம்பரில் வருகிறது, உரிமம் குலுக்கல் முறையில். மானுக்குக் குறைந்தது .40, எல்க்குக்குக் குறைந்தது .50. பிளாஸ்டிக் உறைக்குள் சின்னக் குண்டை வைத்துச் சுடும் சபாட் அங்கே கூடாது. மாத்திரை வடிவ மருந்து கூடாது, தூளாகத்தான் அளந்து போட வேண்டும். தொலைநோக்கி கூடாது. ஐடஹோவில் மானுக்கு .45, எல்க்குக்கு .50, அங்கேயும் சபாட்டுக்குத் தடை. கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் இவை எல்லாமே அனுமதி. ஆகவே இணையத்தில் ஒருவர் சபாட் போட்டு 200 கஜத்தில் சுட்டுக் காட்டினால், அவர் எந்த மாநிலத்தில் சுடுகிறார் என்று பாருங்கள். விதிகள் ஆண்டுதோறும் மாறலாம், அந்த ஆண்டின் கையேட்டைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

கட்டுப்பாடுகள் கடுமையாகத் தெரியலாம். எனக்கு அவை சரியாகவே படுகின்றன. செப்டம்பர் எல்க்கின் இணைசேரும் காலம். ஆண்கள் கூவுகின்றன, பதில் குரலுக்கு நெருங்கி வருகின்றன. அந்த நேரத்தில் வேட்டைக்காரனுக்குத் தூரமும் கொடுத்தால் பருவமே நியாயமில்லாமல் போகும். திறந்த குறியும் ஈயக் குண்டும் அவனை 100 கஜத்துக்குள் கட்டிப்போடுகின்றன.

ஒரே துப்பாக்கி, மானுக்கும் எல்க்குக்கும் என்றால்? உருண்டைக் குண்டைச் சுடுவதில் விருப்பம் உள்ளவருக்கு என் தேர்வு, மெதுவான ட்விஸ்ட் உள்ள .54. மானுக்கு அது அதிகம் இல்லையா என்று கேட்பார்கள். அதிகமானால் கெடுதல் ஒன்றுமில்லை, மருந்தை 70 கிரெய்னுக்குக் குறைத்தால் உதையும் குறையும், துளை சுத்தமாக இருக்கும். நீளக் குண்டு என்று முடிவு செய்தவர் .50 வாங்கலாம். குண்டு, துணித்துண்டு, சுத்தம் செய்யும் சாமான் எதுவானாலும் .50-க்கு எந்தக் கடையிலும் கிடைக்கும். .54-க்குச் சில ஊர்களில் வரவழைக்க வேண்டியிருக்கும், அல்லது அச்சு வாங்கி நீங்களே வார்க்க வேண்டும். .45-ஐ மான் மட்டும் வேட்டையாடுபவருக்கும், தோள் வலிக்குப் பயப்படுபவருக்கும் வைத்துவிடலாம்.

(திரையில்: மருந்து அளக்கும் குவளை. எச்சரிக்கைச் சின்னம்.)

மருந்தைப் பற்றி ஒன்றே ஒன்று, கவனமாகக் கேளுங்கள். கருமருந்துத் துப்பாக்கியில் கருமருந்து, அல்லது அதற்கு மாற்றாக விற்கும் மருந்து மட்டுமே. இந்தக் காலத்துப் புகையற்ற மருந்தைக் கொஞ்சம் போட்டாலும் குழல் கையிலேயே வெடிக்கும். அதிகபட்ச அளவு எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள், நண்பர் சொன்னதைக் கேட்டுப் போடாதீர்கள். மருந்தைக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டவும் கூடாது. உள்ளே ஒரு கனல் மிச்சமிருந்தால் குடுவை முழுவதும் தீப்பிடிக்கும். தனிக் குவளையில் அளந்துதான் ஊற்ற வேண்டும்.

இனி உங்கள் தூரம். எட்டு அங்குலக் காகிதத் தட்டை 50 கஜத்தில் மாட்டி, மேசையில் சாய்க்காமல், காட்டில் உட்காருவது போல உட்கார்ந்து ஐந்து முறை சுடுங்கள். ஐந்தும் தட்டுக்குள் விழுந்தால் 60-க்குப் போங்கள், பிறகு 75. ஒன்று வெளியே போகிற தூரத்துக்கு முந்தைய தூரம்தான் உங்கள் எல்லை, கையில் .45 இருந்தாலும் .58 இருந்தாலும். அதில் முதல் குண்டைத் தனியாகக் கவனியுங்கள். கழுவித் துடைத்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு, கரி படிந்த பிறகு போகும் குண்டுகள் விழுகிற அதே இடத்தில் பெரும்பாலும் விழாது. வேட்டையில் நீங்கள் சுடப்போவது அந்த முதல் குண்டைத்தான். அதனால் அடுத்தடுத்த நாட்களில் சுத்தமான குழலோடு போய் ஒவ்வொரு குண்டாகச் சுட்டு, அவை எங்கே விழுகின்றன என்று பார்த்துக் குறியைத் திருத்துங்கள்.