ஓடை எங்கே அடைக்குது? மழைக்கு முன்னாடியே கண்டுபிடிக்கலாம்

[காட்சி: தென்சென்னை வரைபடம். ஓடைகளும் கால்வாய்களும் நீலக் கோடாக]

"நேத்து இருபது சென்டிமீட்டர் மழை"ன்னு செய்தியில சொல்றாங்க இல்லையா, அது காலை 8.30 மணியோட முடியுற 24 மணி நேரக் கணக்கு. ஏரி எவ்வளவு நிரம்பும்னு பார்க்க அது உதவும். உங்க தெரு ஓரமா ஓடுற ஓடைக்கு உதவாது. இருபது சென்டிமீட்டரும் நாள் முழுக்கப் பரவிப் பெய்தா ஓடை ஓரளவு சமாளிக்கும். மூணு மணி நேரத்துல கொட்டினா கரை தாண்டும். அதனால மணிக்கு எவ்வளவுன்னு பார்க்கணும்.

[காட்சி: திரையில் கணக்கு]

ஒரு சதுர கிலோமீட்டர்ல 1 செ.மீ. மழை பெய்தா 1 கோடி லிட்டர். அது ஒரு மணி நேரத்துல முழுசா ஓடி வந்தா, வினாடிக்கு ஏறக்குறைய 100 கன அடி. மணிக்கு 5 செ.மீ. பெய்தா 500. கான்கிரீட்டும் தாரும் மூடின பகுதியில நூத்துக்கு எண்பது பங்கு மண்ணுல இறங்காம வரும்னு வச்சுக்கிட்டா, 400 கன அடி.

இப்போ ஓடையை எடுத்துக்குவோம். 20 அடி அகலம், 6 அடி ஆழம். சென்னை தட்டையான ஊர், சரிவு ரொம்பக் குறைவு. அதனால தண்ணி வினாடிக்கு 3 அடி வேகத்துல போகுதுன்னே வச்சுக்கலாம். 20 × 6 × 3, அதாவது 360 கன அடி. பார்க்கப் பெரிய கால்வாய்தான். ஆனா அந்த மழை நீடிச்சா ஒரே ஒரு சதுர கிலோமீட்டர் தண்ணிக்கே பத்தாது.

அதுல 3 அடி சேறு படிஞ்சா? பாதியாகி 180 ஆகும்னுதான் தோணும். இல்ல, சுமார் 130. ஆழம் குறையக் குறைய, போற தண்ணியில அடியிலயும் சுவர்லயும் உரசுற பங்கு கூடுது. வேகமும் 2 அடி சொச்சத்துக்கு இறங்கிடுது. இடமும் போச்சு, வேகமும் போச்சு.

[காட்சி: சிறுபாலத்தின் குறுக்குவெட்டு. குறுக்கே குழாய்கள், அதில் சிக்கிய ஆகாயத்தாமரை]

ஆனா கால்வாய் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. 20 அடி ஓடை ஒரு சிறுபாலத்துக்கு அடியில 12 அடியா சுருங்கும். அந்த வழியில குறுக்கே ஒரு குடிநீர்க் குழாய், நாலு கேபிள். முதல் மழையில வர்ற ஆகாயத்தாமரை, மெத்தை, பிளாஸ்டிக் எல்லாம் அந்தக் குழாய்லதான் மாட்டும்.

அடைக்குற பாலம் எதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. மழைக்காலத்துக்கு முன்னாடியே ஒவ்வொரு பாலத்துலயும் தண்ணி வர்ற மேல்பக்கம், தண்ணி போற கீழ்பக்கம் ரெண்டு சுவர்லயும் ஒரே மட்டத்துல அடிக்கணக்குப் போட்டு வையுங்க. கொத்தனார் மட்டம் பார்க்குற, தண்ணி நிரப்பின டியூப் லெவல் வச்சுப் பிடிச்சா மட்டம் சரியா வரும். மழை நாள்ல தள்ளி நின்னு ரெண்டையும் போட்டோ எடுங்க. மேல்பக்கம் முக்கால் அடி, ஒரு அடி உயரமா நின்னா அந்தப் பாலம்தான் பிடிச்சு வைக்குது. ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே உயரம், ஆனா ரெண்டுமே கரையைத் தொடுதுன்னா கோளாறு அந்தப் பாலத்துல இல்ல, கீழே இருக்கு. இதைப் பார்க்காம கண்ணுக்குத் தெரியுற பாலத்தை இடிச்சுக் கட்டி என்ன பலன்?

[காட்சி: பள்ளிக்கரணை, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு. அம்புக்குறி நகர்கிறது]

கீழேன்னா எவ்வளவு கீழே? வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கத்துத் தண்ணியை எடுத்துக்குங்க. வீராங்கால் ஓடை வழியா பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகுது. மேற்கிலயும் தெற்கிலயும் இருக்குற பல ஏரிகளோட உபரி நீரும் அங்கேதான் வருது. அங்கிருந்து ஒக்கியம் மடுவுங்கிற வாய்க்கால், பிறகு பக்கிங்காம் கால்வாய். கடல் கிழக்கே கூப்பிடு தூரம்தான். ஆனா தண்ணி தெற்கே பத்து கிலோமீட்டருக்கு மேல போய், முட்டுக்காட்டுல, கோவளம் முகத்துவாரத்துலதான் கடலைப் பார்க்குது. புயல் நேரத்துல கடல் மட்டம் ஏறி, முகத்துவாரம் தண்ணியை உள்வாங்காம நின்னா, பின்னாடி வரைக்கும் எல்லாம் தேங்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் போன பிறகும் வேளச்சேரி, பள்ளிக்கரணையில தண்ணி நாள்கணக்கா நின்னதுல இந்தப் பாதைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆற்றுல சேர்ற கால்வாய்க்கும் இதே கதி. மாம்பலம் கால்வாய் அடையாறுலதான் விழுது. ஆறு உயர்ந்து ஓடும்போது கால்வாய் தண்ணி எங்கே போகும்? மழைநீர் வடிகால் வழியா எதிர்த்துக்கிட்டு தெருவுக்கு வரும். ஓடை கரை தாண்டியிருக்காது, ஆனா நடுரோட்டு மூடி வழியா தண்ணி பொங்கும். அந்த நேரத்துல மோட்டார் வச்சு இறைச்சு அதே ஓடையில விடுறது தண்ணியை வட்டம் சுத்த விடுற வேலை. ஓடைத் தண்ணி திரும்பி வராம தடுக்குற ஒருவழிக் கதவு வடிகால் வாயில இருந்தாத்தான் இறைக்குறதுக்கு அர்த்தம்.

[காட்சி: மொட்டைமாடி, நேரான டப்பா, ஸ்கேல்]

வீட்டுல செய்ய வேண்டியது. அடி தட்டையா, பக்கம் நேரா இருக்குற டப்பா ஒண்ணை கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளி வெட்டவெளியில வையுங்க. 15 நிமிஷத்துல ஒன்றரை சென்டிமீட்டர் நிறைஞ்சா, மணிக்கு 6 செ.மீ. வேகம். சின்ன ஓடையில அந்தத் தண்ணி அரை மணி, ஒரு மணி நேரத்துல வந்து சேர்ந்துடும். கார், பைக்கை அப்பவே மேட்டுக்கு மாத்துங்க, சம்ப் மூடியை இறுக்குங்க. தரைத்தள கழிவறைக் கோப்பையில பாலித்தீன்ல கட்டின மணல் மூட்டையை அழுத்தி வையுங்க. சாக்கடை முதல்ல அங்கேதான் மேலே வரும். தரை காய்ஞ்சிருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைச்சிடுங்க. தண்ணியில நின்னுக்கிட்டு அதைத் தொடவே கூடாது.

ஓடுற தண்ணியில 15 செ.மீ. ஆழமே ஆளைச் சாய்ச்சிடும், 30 செ.மீ. சின்ன காரை மிதக்க விடும். வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்கு. காருக்குள்ள தண்ணி போயிருந்தா, வடிஞ்ச பிறகும் ஸ்டார்ட் பண்ணாதீங்க, மெக்கானிக் பார்க்கட்டும்.

தூர் வாரச் சொல்லி மாநகராட்சியோட 1913 போன் நம்பர்ல புகார் கொடுக்கும்போது "ஓடை அடைச்சிருக்கு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எந்தப் பாலம், ரெண்டு பக்கமும் எத்தனை அடி வித்தியாசம், எந்தத் தேதி, எத்தனை மணி, இதோட போட்டோ இருக்குன்னு சொல்லுங்க. வேலை கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி வரணும். நடுவுல மட்டும் தோண்டினா அங்கே ஒரு குழிதான் மிஞ்சும். அள்ளின சேறு அன்னைக்கே லாரியில போகணும். கரையில குவிச்சு வச்சா அக்டோபர் மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளிடும்.